கமா போட்ட பட்டியலைப் பிரித்து வையுங்கள்: கடைத் தரவுத்தளத்துக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை என்று கன்டெய்னர் லாரிகள் ஓடும் பக்கமெல்லாம் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. அங்கே இன்று பில் கணினியில்தான் போடுகிறார்கள். அந்தக் கணினிக்குள் எட்டிப் பார்த்தால் பொருள் பெயர், விலை, இருப்பு, அடுத்து ‘பொருந்தும் வண்டிகள்’ என்று ஒரு நெடுவரிசை. அதில் 7,12,31,112 என்று மாடல் எண்கள் கமா போட்டு அடுக்கப்பட்டிருக்கும்.

அப்படி இருந்த ஒரு கடையின் தரவுத்தளத்தைச் சீர்படுத்தும் வேலை என் கைக்கு வந்தது. முன்பு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு குறிப்பும் விட்டுப் போகவில்லை. எதை முதலில் செய்வது, எந்தத் தரவுத்தளத்தில் எது நடக்காது, எந்த நாளில் மாற்றுவது என்பதையெல்லாம் தட்டித் தடவித்தான் தெரிந்துகொண்டேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

லாரிக் கடை ஓர் உதாரணம்தான். எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் ஒரு சட்டைக்குரிய அளவுகள், பெரம்பூர் டியூஷன் சென்டரில் ஒரு மாணவர் எடுத்த பாடங்கள், ராயபுரம் கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் என எங்கும் சிக்கல் ஒன்றுதான். கட்டளைச் சொற்களை ஒலிப்பு மாறாமல் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. கவுன்ட்டரில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்

கணினியைத் தொடும் முன் அரை நாள் கவுன்ட்டர் ஓரமாக உட்காருங்கள். வருகிறவர்கள் கேட்பதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். கேள்விகள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

“அண்ணே, இந்த லைனிங் எந்தெந்த வண்டிக்குச் சேரும்?” இது பொருளிலிருந்து மாடலுக்குப் போகும் கேள்வி.

“என் வண்டிக்கு கிளட்ச் சாமான் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?” இது மாடலிலிருந்து பொருளுக்கு வரும் கேள்வி.

“என்னிடம் மூன்று மாடல் ஓடுகிறது. மூன்றுக்கும் சேர்கிற மாதிரி ஒரே ஃபில்டர் இருந்தால் பெட்டியாகவே எடுத்துக்கொள்கிறேன்.” லாரி முதலாளி கேட்பது இது. பட்டியலில் மூன்றும் இருக்க வேண்டும்.

“இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்குச் சேர்ந்தாலும் போதும்.” ஒன்று இருந்தாலே சரி.

கமா பட்டியல் முதல் கேள்விக்கு மட்டும்தான் நேராகப் பதில் சொல்லும். கடையில் ஓயாமல் வருவதோ இரண்டாவது கேள்வி. பட்டியலுக்கு உள்ளே தேட வேண்டியிருக்கிறதா என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டிய ஒரே விஷயம். யாரும் உள்ளே தேடுவதில்லை, மொத்தமாக எடுத்து பில்லில் அச்சிடுவதோடு சரி என்றால் அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள், கமாவோடு கிடக்கட்டும். உள்ளே தேடுவதுண்டு என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலில் பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, இன்னொரு கணினியில் அதை மீட்டு, பில் ஒன்று போட்டுப் பாருங்கள். தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளம் என்றால் கடை திறந்திருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் நகல் சிக்கினால் பயன்படாது. அதற்கென்றே உள்ள ‘.பேக்கப்’ கட்டளையையோ ‘வேக்யூம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்துங்கள்.

அடுத்து, தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பு எண்ணும். மை எஸ்.க்யூ.எல். என்று மட்டும் தெரிந்தால் போதாது. 5.7-ஆ, 8.0-ஆ என்பதைப் பொறுத்து உங்கள் வழியே மாறும்.

மூன்றாவது, மாடல் எண்களின் மூலப் பட்டியல். எண் 12 என்பது எந்த வண்டி என்று சொல்லும் அட்டவணை சில கடைகளில் தரவுத்தளத்துக்குள் இருப்பதில்லை. கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் செருகிய அட்டையில் இருக்கும், அல்லது முதலாளியின் நோட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்கள் தயாரிக்கும் நிறுவனங்களின் விலைப் பட்டியலில் எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்பது அச்சாகியிருக்கும். சந்தேகம் வரும்போது அதுதான் சாட்சி.

கடைசியாக, அந்த நெடுவரிசையை யார் யார் படிக்கிறார்கள் என்ற பட்டியல். பில் அச்சு, லேபிள், மாத அறிக்கை, முதலாளி மகன் எக்செலில் இழுத்துப் பார்க்கும் கோப்பு என எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் மாற்றிய மறுநாள் காலை உங்களுக்குத் தொலைபேசி வரும்.

3. பழைய பட்டியலில் என்ன கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

பழைய மென்பொருள் தேடுவது பெரும்பாலும் ‘லைக்’ கட்டளையில், முன்னும் பின்னும் % குறி (அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்) போட்டு. 12 என்று தேடினால் 112 வரும், 312 வரும். 7 என்று தேடினால் 17, 70, 71 எல்லாம் வரும். வேறு வண்டிக்கான பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் மணலி வரை போய்த் திரும்பி வருவது இதனால்தான்.

இதற்கு ஒட்டுப்போடும் வழி ஒன்று உண்டு. பட்டியலின் இரு முனையிலும் கமா சேர்த்து, ‘,12,’ என்று தேடுவது. தவறான பாகம் வருவது நிற்கும், ஆனால் தேடல் வேகமாகாது. சாதாரண இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கத் தரவுத்தளம் தனியாக வைத்திருக்கும் பட்டியல், அகராதி மாதிரி முதல் எழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. முன்னால் % வந்துவிட்டால் எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியாது, எல்லா வரிகளையும் படித்தே ஆக வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.-இல் ‘ஃபைண்ட் இன் செட்’ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அதைப் பலரும் தீர்வென்று நம்புகிறார்கள். அது 12-ஐயும் 112-ஐயும் சரியாகப் பிரித்தறியும். ஆனாலும் அதற்கும் இண்டெக்ஸ் உதவாது.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது உள்ளே சேர்ந்திருக்கும் குப்பை. ‘7, 12’ என்று இடைவெளியோடு ஒன்று, ‘7,12,12’ என்று இரட்டிப்பாக ஒன்று, ‘7,,12’ என்று வெற்றிடத்தோடு ஒன்று, என்றோ நீக்கிய மாடலின் எண் ஒன்று. நெடுவரிசை 255 எழுத்து என்று வரையறுத்திருந்தால் நீண்ட பட்டியலின் வால் வெட்டுப்பட்டிருக்கலாம். மை எஸ்.க்யூ.எல். 5.7-க்கு முந்தைய இயல்பு அமைப்பில் இப்படி வெட்டும்போது ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், பிழை என்று நிறுத்தாது. சரியாக 255 எழுத்தில் முடிகிற பட்டியல்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

எக்செல் வழியாக வந்த தரவு என்றால் இன்னும் கவனம் தேவை. ‘101,112’ என்று இரண்டு மாடல் எண்களை எக்செலில் அடித்தால், ஆயிரக் கமா என்று எடுத்துக்கொண்டு 101112 என்ற ஒரே எண்ணாக மாற்றிவிடும். ‘10-12’ என்ற பாக எண் தேதியாகிவிடும். 0451 என்பது 451 ஆகிவிடும். ஆகவே உங்களிடம் இல்லாத அளவுக்குப் பெரிய மாடல் எண் ஏதும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எக்செலில் இனி திறக்க வேண்டியிருந்தால் அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று வைத்துவிட்டுத் திறங்கள்.

4. மூன்றாவது அட்டவணையை அமையுங்கள்

பொருள் ஓர் அட்டவணை. மாடல் ஓர் அட்டவணை. இரண்டையும் இணைக்க மூன்றாவதாக ஒன்று. அதற்குப் ‘பொருத்தம்’ என்று பெயர் வைப்போம். அதில் பொருள்_எண், மாடல்_எண் என இரண்டே நெடுவரிசைகள். ஒரு லைனிங் நான்கு வண்டிக்குச் சேர்ந்தால் நான்கு வரிகள். ஒரு மதிப்புக்கு ஒரு வரி. இதைவிட்டால் உள்ளே தேடும் பட்டியலுக்கு நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. விதிவிலக்குகளைப் பிறகு சொல்கிறேன்.

பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும், இரட்டிப்பை ஏற்காத மதிப்பு) இரண்டு எண்களும் சேர்ந்ததாக இருக்கட்டும்: (பொருள்_எண், மாடல்_எண்). தானாக ஏறும் ஓர் எண்ணை மட்டும் பிரைமரி கீயாக வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்து, இந்த ஜோடிக்குத் தனியாக ‘யூனிக்’ கட்டுப்பாடு போட மறந்தால் ஒரே பொருத்தம் இரண்டு முறை ஏறிவிடும். அது எங்கே வலிக்கும் என்பதை 7-ஆம் படியில் பார்ப்பீர்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். பிரைமரி கீ பொருளிலிருந்து மாடலுக்குப் போகும் கேள்விக்கு மட்டும்தான் முழுமையாக உதவும். கவுன்ட்டரில் அதிகம் கேட்கப்படுவது எதிர்த்திசைக் கேள்வி. அதற்கு (மாடல்_எண், பொருள்_எண்) என்று தலைகீழாக இன்னோர் இண்டெக்ஸ் போட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, ‘அட்டவணையைப் பிரித்தும் வேகம் வரவில்லையே’ என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஃபாரின் கீயை இரு பக்கமும் போடுங்கள். மாடல் அட்டவணையில் இல்லாத எண் உள்ளே நுழையாமல் தடுப்பது அதுதான். பொருளை நீக்கினால் அதன் பொருத்தங்களும் சேர்ந்து நீங்கட்டும், அங்கே ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ சரி. மாடலை நீக்கும்போது மட்டும் தடுத்து நிறுத்தும்படி வையுங்கள். யாரோ தெரியாமல் ஒரு மாடலை அழித்து, அதோடு சேர்ந்த நூற்றுக்கணக்கான பொருத்தங்களும் சத்தமில்லாமல் போவதைக் கடை தாங்காது.

இதில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. எஸ்.க்யூ.லைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பின் தொடக்கத்திலும் ‘பிராக்மா ஃபாரின்_கீஸ்’ என்பதை ‘ஆன்’ செய்ய வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.-இல் பழைய மைஐசாம் வகை அட்டவணை என்றால் ஃபாரின் கீயை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. இன்னோடிபி வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் சோதனையைச் சரியாகச் செய்யும், ஆனால் குறிக்கும் பக்கத்தில், அதாவது பொருத்தம் அட்டவணையில், இண்டெக்ஸைத் தானாக உருவாக்காது. இன்னோடிபி உருவாக்கும்.

இத்தனை வரிகள் சேர்ந்தால் இடம் போதுமா என்று முதலாளி கேட்பார். போட்டுக் காட்டுங்கள். 20,000 பொருள், சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 5 மாடல் என்று வைத்துக்கொண்டால் 1 லட்சம் வரிகள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிக்குத் தலைப்பு 24 பைட், இரண்டு எண்களுக்கு 8, சுட்டிக்கு 4, ஆக 36 பைட். மொத்தம் 3.6 எம்.பி. இரண்டு இண்டெக்ஸும் சேர்ந்து இன்னும் 4 முதல் 5 எம்.பி. கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு படங்களின் அளவுதான் இது.

பிரித்து வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ‘12-க்குப் பின்சக்கரத்தில் மட்டும் சேரும்’ என்பது போன்ற குறிப்பைக் கமா பட்டியலில் எங்கே எழுதுவது? பொருத்தம் அட்டவணையில் ‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் முடிந்தது.

5. ‘எல்லா வண்டிக்கும்’ சேரும் சாமான்களின் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பல்பு, போல்ட், கிரீஸ் மாதிரி எல்லா வண்டிக்கும் சேர்கிற சாமான்கள் ஒவ்வொரு கடையிலும் இருக்கும். பழைய தரவில் அவற்றின் பட்டியல் வெறுமையாக இருக்கும். எந்த வண்டிக்கு என்று இன்னும் எழுதாத புதுச் சரக்கின் பட்டியலும் வெறுமைதான். வெற்றிடம் ஒன்று, அர்த்தம் இரண்டு.

இதைக் கணினியால் பிரிக்க முடியாது. வெறுமையாக உள்ள பொருள்களை அச்சிட்டு, கடையில் நெடுநாள் இருக்கும் பெரியவரிடம் கொடுத்து டிக் போடச் சொல்லுங்கள். பொருள் அட்டவணையில் ‘பொதுச்_சாமான்’ என்று ஆம் அல்லது இல்லை நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். பொதுச் சாமானுக்கு எல்லா மாடலையும் வரிவரியாக ஏற்றுவது நல்லதல்ல. நாளை புது மாடல் வரும்போது ஒவ்வொரு பல்புக்கும் ஒரு வரி சேர்க்க யாருக்கும் நினைவிருக்காது. தேடும் வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையில்) ‘பொருத்தத்தில் இருக்கிறது அல்லது பொதுச் சாமான்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பட்டியலை உடைத்து ஏற்றுங்கள்

நேராகப் பொருத்தம் அட்டவணைக்குள் கொட்டாதீர்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத இடைக்கால அட்டவணை ஒன்றில் முதலில் உடைத்துப் போடுங்கள். அங்கே இடைவெளிகளை நீக்கி, வெற்றிடங்களை ஒதுக்கி, இரட்டிப்புகளைக் களைந்து, மாடல் அட்டவணையில் இல்லாத எண்களைத் தனியே எடுத்துவையுங்கள். நல்லவை மட்டும் பொருத்தத்துக்குள் போகட்டும்.

உடைக்கும் கருவி ஊருக்கு ஊர் வேறு. போஸ்ட்கிரெஸில் ‘ஸ்ட்ரிங் டு அரே’ கொண்டு உடைத்து ‘அன்னெஸ்ட்’ கொண்டு வரிகளாக்கலாம். எஸ்.க்யூ.எல். சர்வரில் 2016 முதல் ‘ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட்’ உண்டு. தரவுத்தளத்தின் பொருத்தநிலை எண் (கம்பாட்டிபிலிட்டி லெவல்) 130-க்குக் குறைந்திருந்தால் அது வேலை செய்யாது. பழைய தரவுத்தளத்தைப் புதுச் சர்வருக்கு மாற்றியவர்கள் இங்கேதான் முழிப்பார்கள். மை எஸ்.க்யூ.எல். 8.0-இல் பட்டியலின் இரு பக்கமும் சதுர அடைப்புக்குறி சேர்த்து ‘ஜேசன் டேபிள்’ (ஜேசன் என்பது பட்டியல்களை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) வழியாகப் படிக்கலாம், மரியா டிபியில் 10.6 முதல். எஸ்.க்யூ.லைட்டில் இதே தந்திரத்துக்கு ‘ஜேசன் ஈச்’. ஆனால் ‘7,,12’ போன்ற வெற்றிடமும் ‘012’ போன்ற முன்பூஜ்யமும் ஜேசனுக்கு ஆகாது, மொத்தப் பட்டியலையும் மறுத்துவிடும். அவற்றை முன்பே சரிசெய்யுங்கள்.

பட்டியலில் எண்ணுக்குப் பதில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ‘கொக்கி’ என்ற சொல்லின் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் கணினிக்கு வேறு வேறு. ஏற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு ‘நார்மலைஸ்’ இருக்கிறது. மற்றவற்றில் உங்கள் நிரலிலேயே செய்ய வேண்டும்.

பிறகு கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள கமாக்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் எத்தனை உருப்படி என்று தெரியும். ஏறியவை, ஒதுக்கியவை, களைந்த இரட்டிப்புகள் எல்லாம் கூடி அந்த எண் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

7. தேடுங்கள், ஆனால் இந்த நான்கு இடத்தில் நின்று பாருங்கள்

ஏதாவது ஒன்றுக்குச் சேர்வது: ‘மாடல்_எண் இன் (7, 12)’ என்று கேட்டு இணைத்தால் இரண்டுக்கும் சேர்கிற பொருள் இரண்டு முறை வரும். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ கொண்டு கேளுங்கள், ஒரு முறைதான் வரும்.

எல்லாவற்றுக்கும் சேர்வது: ‘செலக்ட் பொருள்_எண் ஃப்ரம் பொருத்தம் வேர் மாடல்_எண் இன் (7, 12, 31) குரூப் பை பொருள்_எண் ஹேவிங் கவுன்ட்(*) = 3’. மூன்று மாடல் கேட்டோம், மூன்று வரி கிடைத்த பொருளே விடை. இரட்டிப்பு வரி ஒன்று உள்ளே இருந்தால் 7-க்கு இரண்டு, 12-க்கு ஒன்று என மூன்றாகி, 31-க்குச் சேராத ஃபில்டர் விடையில் வந்து நிற்கும். கூட்டு பிரைமரி கீயை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

சேராதவை: ‘மாடல்_எண் 12 அல்லாதவை’ என்று நேராகக் கேட்காதீர்கள். 7-க்கும் 12-க்கும் சேர்கிற பொருளின் 7-ஆம் வரி அந்தச் சல்லடையில் தப்பி வந்துவிடும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’தான் சரி. ‘நாட் இன்’ பயன்படுத்தினால், உள் வினவலில் ஒரே ஒரு ‘நல்’ (மதிப்பு எழுதாத கட்டம்) இருந்தாலும் விடை முழுக்கக் காலியாகிவிடும்.

கூட்டல்: ஒரு லைனிங் 40 இருப்பு, 5 மாடலுக்குச் சேரும். பொருளையும் பொருத்தத்தையும் இணைத்துவிட்டு இருப்பைக் கூட்டினால் 200 என்று வரும். இந்த எண் சரக்கு மதிப்பில் ஏறி, வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கை வரை போய்விடும் ஆபத்து இருக்கிறது. இருப்பு, விலை, தொகை என எதைக் கூட்டினாலும் இணைப்பதற்கு முன்பே கூட்டுங்கள்.

பில்லில் பழையபடி கமா பட்டியல் வேண்டும் என்பார்கள். கொடுக்கலாம். சேமிப்பதுதான் வேண்டாம், காட்டுவதில் தவறில்லை. போஸ்ட்கிரெஸிலும் எஸ்.க்யூ.எல். சர்வர் 2017 முதலும் ‘ஸ்ட்ரிங் ஆக்’, மை எஸ்.க்யூ.எல்.-இலும் எஸ்.க்யூ.லைட்டிலும் ‘குரூப் கான்கேட்’. மை எஸ்.க்யூ.எல்.-இல் இதன் இயல்பு நீளம் 1024 பைட்தான். அதற்கு மேல் போனால் வெட்டிவிடும். அறிக்கை எடுக்கும் முன் அந்த வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.

8. தேடும் பட்டியலே நீளமாக இருந்தால்

லாரி முதலாளி தன் வண்டிகள் அனைத்தையும் ஒரு கோப்பில் அனுப்புவார். அந்த எண்களைச் சொற்றொடராக ஒட்டி ‘இன்’ அடைப்புக்குள் தள்ளாதீர்கள். வெளியார் தட்டச்சு செய்த எழுத்து கட்டளைக்குள் நேராகப் போவது திருடனுக்குக் கதவு திறந்து வைப்பதற்குச் சமம். அளவுருக்களாகவே, அதாவது கட்டளையில் காலியிடம் விட்டு மதிப்புகளைத் தனியாக, அனுப்புங்கள்.

அதற்கும் எல்லை உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒரு வினவலுக்கு 2,100 அளவுரு, போஸ்ட்கிரெஸில் 65,535, எஸ்.க்யூ.லைட்டில் 3.32-க்கு முன் 999, பின் 32,766. நீண்ட பட்டியல் என்றால் தற்காலிக அட்டவணையில் ஏற்றி இணைப்பதே நிம்மதி. போஸ்ட்கிரெஸில் முழுப் பட்டியலையும் ஒரே அரே (பல மதிப்புகளை வரிசையாக அடக்கிய ஒற்றை மதிப்பு) அளவுருவாக அனுப்பி ‘= எனி’ என்று கேட்கலாம்.

9. அரே, ஜேசன், பிட்: எப்போது சரி

போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டத்துக்குள் அரே வைக்க அனுமதிக்கிறது. அதன்மீது ‘ஜின்’ என்ற வகை இண்டெக்ஸ் போட்டால் உள்ளே தேடுவதும் வேகம்தான். ஆனால் @> அல்லது && குறியால் கேட்டால்தான் அந்த இண்டெக்ஸ் வேலைக்கு வரும். அரே நெடுவரிசைமீது ‘= எனி’ என்று எழுதினால் இண்டெக்ஸ் சும்மா கிடக்கும், முழு அட்டவணையும் படிக்கப்படும். மை எஸ்.க்யூ.எல். 8.0.17 முதல் ஜேசன் அரேவுக்குப் பல்மதிப்பு இண்டெக்ஸ் உண்டு. அங்கேயும் ‘மெம்பர் ஆஃப்’, ‘ஜேசன் கன்டெய்ன்ஸ்’, ‘ஜேசன் ஓவர்லேப்ஸ்’ என்ற மூன்று வடிவங்களில் கேட்டால்தான் பலன்.

இரண்டிலும் அரேயின் உறுப்புகளுக்கு ஃபாரின் கீ கிடையாது. இல்லாத மாடல் எண் நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. ஆகவே புடவைக்கு ‘கல்யாணம்’, ‘தீபாவளி’, ‘மென்மை’ என்று ஒட்டும் தளர்வான அடையாளச் சொற்களுக்கு அரே நன்றாகப் பொருந்தும். தவறாகப் போனால் பணமோ உயிரோ போகிற பட்டியலுக்கு வேண்டவே வேண்டாம். பிரேக் லைனிங் அந்த இரண்டாம் வகை.

மை எஸ்.க்யூ.எல்.-இன் ‘செட்’ வகை 64 உறுப்போடு நின்றுவிடும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பிட் என்று ஒரே எண்ணுக்குள் சேமிக்கும் பிட் கணக்கும் அப்படித்தான். வாரத்தின் 7 நாள்களுக்குப் போதும், வண்டி மாடல்களுக்குப் போதாது.

10. இண்டெக்ஸ் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

தரவுத்தளம் எந்த வழியில் தேடும் என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையை வினவலுக்கு முன் சேர்த்து ஓட்டுங்கள். ஏற்றி முடித்ததும் ‘அனலைஸ்’ ஓட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டமிடும் பகுதி பழைய கணக்கை நம்பித் தவறான வழியில் போகும். சோதனைக்கு நூறு வரி மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு இண்டெக்ஸ் பயன்படவில்லை என்று பதறாதீர்கள். சிறிய அட்டவணையை முழுதாகப் படிப்பதே மலிவு. போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ என்று சேர்த்து எழுதினால் அந்தக் கட்டளை உண்மையாகவே ஓடும். ‘டிலீட்’டுக்கு முன்னால் அதை எழுதினால் வரிகள் நிஜமாகவே போய்விடும்.

11. செலவும் நாளும்

போஸ்ட்கிரெஸ், மரியா டிபி, எஸ்.க்யூ.லைட் மூன்றுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. எஸ்.க்யூ.எல். சர்வரின் விலையில்லாப் பதிப்பில் 2022 வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜி.பி. உச்சவரம்பு இருக்கிறது, இப்படிப்பட்ட கடைக்கு அது தாராளம். உண்மையான செலவு ஆள் நேரம். உடைத்து ஏற்றுவதைக் கணினி சில நிமிடத்தில் முடித்துவிடும். ஒதுக்கிவைத்த எண்களை நோட்டோடு ஒப்பிட்டுத் தீர்ப்பதற்குத்தான் வாரக்கணக்கு ஆகும். அந்த வேலைக்குக் கடையாளர் ஒருவரின் நேரத்தையும், அதற்கான கூலியையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் பாதியில் நிற்கும்.

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கடைக்கு 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. அந்த நாள்களை ஒட்டி எதையும் தொடாதீர்கள். 20 தாண்டி மாத இறுதிக் கணக்குக்கு முன் வரும் விடுமுறை நாள்தான் நல்ல நாள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டிக்காரர்கள் குவிவார்கள், அப்போது வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தப் பக்கம் தெருவில் தண்ணீர் நிற்பதும் மின்சாரம் போவதும் உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் செய்தே ஆக வேண்டுமென்றால் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள், சர்வர் பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள். ஏற்றும் வேலை முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் பாதி ஏறிய நிலை வராது.

12. பழைய நெடுவரிசையை எப்போது நீக்குவது

மாற்றிய அன்றே நீக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். 2-ஆம் படியில் எழுதிய பட்டியலில் விட்டுப்போன அறிக்கை ஏதாவது இருந்தால் உடனே பிழை காட்டி நிற்கும், உங்களுக்குத் தெரிந்துவிடும். பழையதிலும் புதியதிலும் ஒருசேர எழுதும்படி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். சில நாளிலேயே இரண்டும் முரண்படும், எது உண்மை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒரு முழு மாத முடிவுக் கணக்கு புதிய அட்டவணையிலிருந்து சரியாக வந்த பிறகு நீக்கலாம். எஸ்.க்யூ.லைட்டில் நெடுவரிசையை நீக்கும் கட்டளை 3.35 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தையது என்றால் புது அட்டவணை செய்து தரவை மாற்ற வேண்டும். நீக்குவதற்கு முன் எடுக்கும் கடைசி பேக்கப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, தேதி எழுதி, முதலாளி வீட்டில் கொடுத்துவையுங்கள்.